தண்ணீர்மலை, பத்துமலை: பிள்ளைக்கு மலையின் பெயரை வைத்த காலம்

அருவிச்சாலை (பினாங்கு)

தண்ணீர்மலை என்று பெயர் கொண்டவர் யாராவது உங்கள் குடும்பத்தில், தெருவில், வேலையிடத்தில் உண்டா? பினாங்கு முருகன் கோவிலைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்கிறேன்.

எங்கள் குடும்ப வம்சாவளியை எழுதிக்கொண்டிருக்கிறேன். தாத்தா தலைமுறையில் ஒரு தண்ணீர்மலை. அவருடைய சித்தப்பா மகன் இன்னொரு தண்ணீர்மலை. பாட்டி பிறந்த வீட்டிலும் ஒருவர். மூவருமே பினாங்கு, பிறை வட்டாரத்தில் பிறந்தவர்கள். அப்பா தலைமுறையில் ஒருவர் மட்டும். அதற்குப் பிறகு யாருமே இல்லை. பெயர் வரிசையைக் காகிதத்தில் எழுதிப் பார்க்கும்போதுதான் அது எப்படிச் சட்டென்று நின்றுபோனது என்று தெரிகிறது.

அண்ணாமலை, ஏழுமலை, பழனி, சிதம்பரம் எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த பெயர்கள். தண்ணீர்மலை அப்படி வந்ததில்லை. பினாங்கில் ஓர் அருவி, அதன் பக்கத்தில் ஒரு குன்று, அதில் முருகன். ஆங்கிலத்தில் வாட்டர்ஃபால் என்று சொன்ன இடத்தை நம்மவர்கள் தண்ணீர்மலை என்றார்கள். ஜார்ஜ்டவுனுக்குக் குடிதண்ணீர் கொடுத்த அருவி அது. கோவில் பிரபலமானது, பிறகு பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் வந்தது. ஆக, இந்த மண்ணிலேயே பிறந்த தமிழ்ப் பெயர் இது. இதைப் போல வேறு எத்தனை பெயர் நம்மிடம் இருக்கிறது?

எப்போது வைக்க ஆரம்பித்தார்கள், யார் வைத்தார்கள், ஏன் நிறுத்தினார்கள்? உங்கள் வீட்டில் கேட்டதைச் சொல்லுங்கள்.

செந்தூல்காரன் (கோலாலம்பூர்)

உங்களுக்குத் தண்ணீர்மலை என்றால் எங்களுக்குப் பத்துமலை. என் பெரியப்பா பெயர் பத்துமலை. ஐ.சி.யிலும் (அடையாள அட்டை) அதேதான்.

செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அந்தக் காலத்தில் செந்தூலில் யாரைத் தொட்டாலும் ரயில்வேக்காரராகத்தான் இருப்பார். தைப்பூசத்துக்குச் செந்தூலிலிருந்து பத்துமலைக்கு ரயில் ஓடும். கோவில் அவ்வளவு பக்கம் என்பதால் எதற்கு வேண்டினாலும் பத்துமலைதான். பாட்டிக்கு முதல் இரண்டு பிள்ளை தங்கவில்லை. மூன்றாவது தங்கினால் உன் பெயரையே வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். பெரியப்பா தங்கினார்.

அவரைக் கரும்புத் தொட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்: நீளமான கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் மஞ்சள் சேலையை ஏணை மாதிரி தொங்கவிட்டு, பிள்ளையை அதில் படுக்க வைப்பார்கள். முன்பக்கம் அப்பா தோள், பின்பக்கம் அம்மா தோள். மொட்டைத் தலையில் அப்பின சந்தனம் காய்ந்து உதிரும். பிள்ளை கத்தும். பக்கத்தில் வருகிறவர்கள் விசிறிக்கொண்டே வருவார்கள். இப்போதும் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் இதைப் பார்க்கலாம், கொஞ்சமும் குறையவில்லை.

தொட்டில் குறையவில்லை, பெயர்தான் குறைந்துவிட்டது. சென்ற தைப்பூசத்தில் எனக்கு முன்னால் தொட்டில் தூக்கிப் போன தம்பியிடம் பிள்ளை பெயர் என்ன என்று கேட்டேன். ‘ஷ்’ஷில் முடிகிற ஒரு பெயரைச் சொன்னார். நேர்த்திக்கடன் முருகனுக்கு, பெயர் மட்டும் வேறெங்கிருந்தோ.

கோவில்வீடு (பினாங்கு)

அருவிச்சாலை ஐயா, இந்தப் பெயரைப் பற்றி நகரத்தார் வீட்டுப் பிள்ளையாக நான் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

வட்டித் தொழிலுக்குப் பினாங்கு வந்த எங்கள் முன்னோர், தொழிலும் தங்கலும் ஒரே இடமான கிட்டங்கியில் தங்கினார்கள். பெட்டியடிக்கு முன்னால் உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள். போன ஊரிலெல்லாம் முருகனுக்குக் கோவில் கட்டினார்கள். பெரும்பாலும் தண்டாயுதபாணிதான். சிங்கப்பூர் டாங்க் ரோட்டில் 1859, இங்கே வாட்டர்ஃபால் சாலையில் 1857 என்று சொல்வார்கள். பினாங்கு ஸ்திரீட் கோவில்வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தைப்பூசத்துக்கு முந்தின நாள் புறப்பட்டுத் தண்ணீர்மலை போய்ச் சேர்வதை இந்த இழையில் இருக்கும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1894இல் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்த ரதம் அது. வழி நெடுக நம்மவர் மட்டுமில்லை, சீனர்களும் தேங்காயை மலைபோல் குவித்து உடைப்பார்கள்.

ஊரில் உள்ளவர்களுக்குப் பழனி எப்படியோ, பினாங்கில் தொழில் செய்தவர்களுக்குத் தண்ணீர்மலை அப்படி. லாபம் வந்தால் அவனுக்குப் பங்கு, நோய் தீர்ந்தால் அவனுக்குக் காவடி, பேரன் பிறந்தால் அவன் பெயர். ஆனால் பிள்ளைகள் பெரும்பாலும் பிறந்தது காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம்தான், ஏனென்றால் பெண்டுகள் ஊரில் இருந்தார்கள். அதனால் பினாங்கு மலையின் பெயர் செட்டிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பினாங்கையே கண்ணால் பார்த்திராத தண்ணீர்மலைகள் அங்கே உண்டு. கப்பலில் அரிசியும் ஆளும் இங்கே வந்தது போல இந்தப் பெயர் எதிர்த்திசையில் போயிருக்கிறது. எனக்கு இதில் பெருமை அதிகம்.

நின்றுபோனதா என்று கேட்டீர்கள். எங்களிடம் முற்றாக நிற்கவில்லை. காரணம், மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்று வைப்பது வழக்கம். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. தாத்தா தண்ணீர்மலை என்றால் பேரனும் தண்ணீர்மலை. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் மறுபடி மேலே வந்துவிடும். வீட்டில் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் பையனைக் கூப்பிட வேறு பெயர் இருக்கும். எங்கள் வீட்டுத் தண்ணீர்மலையை அவன் அம்மா ஒருநாளும் அந்தப் பெயரில் கூப்பிட்டதில்லை, ‘ராசா’தான். பள்ளிக்கூடப் பதிவில் மட்டும் தண்ணீர்மலை.

செந்தூல்காரன்

அண்ணே, நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கு ஒன்று விளங்குகிறது. தோட்டத்திலும் ரயில்வே குடியிருப்பிலும் அப்படிக் கட்டாயம் எதுவும் கிடையாது. தாத்தா பெயரை வைத்தால் வைத்ததுதான், வைக்காவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. அதனால்தான் உங்களிடம் தண்ணீர்மலை திரும்பித் திரும்பி வருகிறது, எங்களிடம் பத்துமலை ஒரே தலைமுறையோடு போய்விட்டது.

பிறை ஆசிரியை (செபராங் பிறை)

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வருகைப் பதிவேட்டை வைத்துச் சொல்கிறேன்.

ஒன்றாம் ஆண்டுப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், அப்பாவின் பெயர் இரண்டும் இருக்கும். நான் வேலைக்கு வந்த புதிதில் அப்பாக்களின் பெயர்கள் முனியாண்டி, மாரிமுத்து, பெருமாள், கருப்பையா, சின்னசாமி, பத்துமலை, தண்ணீர்மலை என்று இருந்தன. பிள்ளைகள் அப்போதே குமார், குமாரி, தர்ஷினி, பிரகாஷ். இப்போது அப்பாக்கள் குமார், பிரகாஷ். பிள்ளைகளின் பெயர்களைத் தமிழில் எழுத எனக்கு ஷ, ஸ, ஜ, ஹ நான்கும் தினமும் வேண்டும்.

நம் நாட்டுப் பெயர்முறையில் ஒரு தன்மை உண்டு, கவனித்திருப்பீர்கள். குடும்பப் பெயர் நமக்கில்லை. பிள்ளை பெயர், பிறகு அனாக் லெலாக்கி (மகன்) அல்லது அனாக் பெரம்புவான் (மகள்), பிறகு அப்பா பெயர். எனவே பழைய பெயர் ஒன்று வழக்கத்திலிருந்து போன பிறகும் அப்பா பெயராக இன்னும் ஒரு தலைமுறை காகிதத்தில் நிற்கும். அடுத்த தலைமுறையில் அதுவும் விழுந்துவிடும், ஏனென்றால் தாத்தா பெயருக்கு ஐ.சி.யில் இடமில்லை. பத்துமலை இப்போது நிற்பது அந்தக் கடைசிப் படியில். இன்று மத்திய வயதில் இருக்கும் அண்ணன் அக்காக்களின் பெயருக்குப் பின்னால்தான் அதைப் பார்க்கலாம். அவர்களின் பிள்ளைகளிடம் தேடினால் கிடைக்காது.

நான் இதைச் சொல்லும்போது என் மனம் கனத்துத்தான் சொல்கிறேன். முனியாண்டி போனால் தமிழ்நாட்டில் ஆயிரம் முனியாண்டி இருப்பார். பத்துமலை போனால் வேறெங்கும் கிடையாது.

நிலாவின் அம்மா (பாயான் லெப்பாஸ்)

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், எங்கள் தலைமுறையின் பக்கத்தையும் கேளுங்கள்.

எங்கள் மாமனார் பெயர் தண்ணீர்மலை. நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு உயிர். ஆனால் அந்தப் பெயரால் அவர் பட்டது கொஞ்சமில்லை. பேச்சில் அது தண்ணிமலை ஆகிவிடும். தண்ணி என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று தெரியும்தானே. குடிப்பழக்கமே இல்லாத மனுஷனை வேலையிடத்தில் வாழ்நாள் முழுக்க ‘தண்ணி’ என்றே கூப்பிட்டார்கள். பையனுக்குக் கல்யாணம் பேசப் போன இடத்திலும் அந்தக் கிண்டல். ஐ.சி.யில் பதிந்த ஆள் ‘ர்’ விட்டுவிட்டதால் எழுத்திலும் தண்ணிமலைதான்.

எனக்கு மகன் பிறந்தபோது அவரே சொன்னார்: “என் பெயரை வைக்காதேம்மா.” அவர் சொன்ன பிறகு நான் எப்படி வைப்பது? எங்கள் தலைமுறை வேரை மறந்துவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்தப் பெயரைச் சுமந்தவர்களே தங்கள் பிள்ளைகளை இறக்கிவைக்கச் சொன்னதையும் எழுதுங்கள்.

அருவிச்சாலை

அம்மா, நீங்கள் எழுதியது எனக்கு வேண்டியது. எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும், வாய்விட்டுச் சொல்ல ஆளில்லை. செந்தூல்காரன் தம்பி, பத்துமலைக்கும் அப்படி ஏதாவது கிண்டல் உண்டா?

செந்தூல்காரன்

இல்லாமலா. மலாய்ப் பையன்களுக்குப் பத்து என்றால் கல். பெரியப்பாவைக் ‘கல்லு’ என்பார்கள். தமிழ்ப் பையன்களுக்குப் பத்து என்றால் எண், ‘பத்துக் காசு’ என்பார்கள். அவர் இரண்டுக்கும் கோபப்பட மாட்டார். ஆனால் பெரியப்பா மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரைச் சத்தமாகப் படிக்கும்போதெல்லாம் முகம் சிவந்துபோகும்.

இன்னொன்று. தோட்டத்துப் பெயர் என்ற இளக்காரம். 70களிலும் 80களிலும் தோட்டங்களை விட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தபோது முதலில் மாறியது உடுப்பும் பிள்ளைகளின் பெயரும்தான். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மாதிரி பெயர், பால்மரம் சீவுகிறவர் பிள்ளைக்கு ஒரு மாதிரி பெயர் என்று இருந்த இடத்திலிருந்து வெளியே வந்தவர்கள், பெயரைப் பார்த்தே இன்னார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று நினைத்தார்கள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறை ஆசிரியை

பத்துமலையின் பெயர்க் காரணம் இங்கே யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். சுங்கை பத்து என்ற ஆறு பக்கத்தில் ஓடுகிறது. அந்த ஆற்றின் பெயர்தான் குகைக்கும் வந்தது, மலாயில் பத்து என்றால் கல். 1891வாக்கில் கே. தம்புசாமிப் பிள்ளை அங்கே வழிபாட்டைத் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டிலிருந்து தைப்பூசம் நடக்கிறது. பிறகு நம் மக்கள் அதற்கு அழகான கணக்கு ஒன்று கண்டுபிடித்தார்கள். தமிழ்நாட்டில் முருகனுக்கு ஆறுபடை வீடு. இங்கே ஈப்போவில் கல்லுமலை, பினாங்கில் தண்ணீர்மலை, மலாக்காவில் சன்னாசிமலை, பிறகு இது. ஆறும் நாலும் பத்து, எனவே இது பத்தாவது மலை.

வரலாறு ஆற்றின் பக்கம்தான் நிற்கிறது. ஆனாலும் என் மாணவர்களுக்கு இரண்டையும் சொல்வேன். அந்த நாலு மலையையும் ஆறுபடை வீட்டுக்குப் பக்கத்தில் வரிசையில் வைத்த மக்களின் மனதை யோசித்துப் பாருங்கள். கடல் கடந்து வந்த இடத்தில் கும்பிட்ட சாமி குறைந்த சாமியில்லை என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பத்துமலை என்று பெயர் வைத்ததும் அதே மனம்தான்.

கோவில்வீடு

அதற்கு இடமும் இருக்கிறது டீச்சர். ஆறுபடை வீடுகளில் ஒன்று குன்றுதோறாடல். எந்தக் குன்றானாலும் அது முருகன் வீடு. எனவே பினாங்குக் குன்றைச் சேர்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

சூலியா தெரு (பினாங்கு)

நாங்கள் தமிழ் முஸ்லிம்கள், எங்கள் வீட்டிலும் இதே கதை. நாகூர் ஆண்டவர் பெயரால் சாகுல் ஹமீது. ஊர்ப்பெயரையே சேர்த்து நாகூர் மீரான், நாகூர் கனி. என் வாப்பா கூட்டாளிகளில் இப்படி நிறையப் பேர். ஜார்ஜ்டவுன் சூலியா ஸ்திரீட்டில் 1800களின் தொடக்கத்திலேயே நாகூர் தர்கா கட்டியிருக்கிறார்கள். எனவே பெயர் வைக்க நாகூருக்கே போயிருக்க வேண்டும் என்றில்லை. கடல் கடந்து வந்த மாலுமிக்கும் வியாபாரிக்கும் காவல் அவர்தான் என்று நம்பிக்கை.

எங்களிடம் இப்போது இந்தப் பெயர்கள் குறைந்ததற்குக் காரணம் வேறு. அரபுப் பெயராக, பொருள் தேடி வைக்கிறார்கள். மலாய்க் குடும்பங்களோடு சம்பந்தமும் ஆகிவிட்டது. நாகூர் மீரானின் பேரன் இன்று டேனியல், ரயான். பாட்டிமார் ‘நாகூரு’ என்று கூப்பிடும் கடைசிக் கிழவர்கள் இன்னும் பள்ளிவாசல் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

புக்கிட் மெர்தாஜாம்

கத்தோலிக்கர் வீட்டில் வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவால் ஆரோக்கியசாமி, ஆரோக்கியமேரி. எங்கள் ஊர் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்கு ஜூலை மாதம் நாடு முழுக்க இருந்து வருவார்கள், அந்த வேண்டுதலில் பிறந்த அன்னம்மாள்கள் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர். இப்போது ஆன், அனா, அனபெல் என்று வைக்கிறார்கள். உள்ளே இருப்பது அதே அன்னாள்தான், அதில் எனக்குக் குறையில்லை.

நிலாவின் அம்மா

புக்கிட் மெர்தாஜாம் சொன்னதுதான் நான் தேடியது. உள்ளே இருப்பதை வைத்துக்கொண்டு வெளியே மாற்றலாமே? தண்ணீர்மலை என்பதற்குப் பதில் அருவி என்று பெண் குழந்தைக்கு வைக்கலாம். எவ்வளவு அழகான பெயர். பையனுக்கு வெற்பன், சிலம்பன். இரண்டும் குறிஞ்சி நிலத் தலைவனைச் சொல்கிற சங்கப் பெயர்கள். தூய தமிழும் ஆச்சு, சின்னதாகவும் இருக்கும், மலையும் வந்துவிட்டது, யாரும் கிண்டல் செய்ய முடியாது.

அருவிச்சாலை

நல்ல பெயர்கள் அம்மா. யாராவது அருவி என்று வைத்தால் ஓடி வந்து வாழ்த்துவேன். ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது.

அண்ணாமலை என்ற பெயருக்கு நெருங்க முடியாத மலை என்று பொருள் சொல்வார்கள். யாராவது அந்தப் பொருளுக்காகவா பிள்ளைக்கு அண்ணாமலை என்று வைக்கிறார்கள்? திருவண்ணாமலையில் இருக்கிற அந்த ஒரு மலைக்காக வைக்கிறார்கள். ஏழுமலை திருப்பதி, செந்தில் திருச்செந்தூர், சென்னிமலையும் சிவன்மலையும் கொங்கு நாட்டுக் குன்றுகள், சுருளி கம்பம் பக்கத்து அருவி. பெயரைச் சொன்னால் ஆள் எந்தப் பக்கம், எந்தச் சாமியைக் கும்பிட்ட குடும்பம் என்று தெரியும். பெரிய வேடிக்கை என்னவென்றால் மறைமலை அடிகள் 1916இல் தமிழ்ப் பெயருக்கு மாறினாரே, வேதாசலம் என்ற பழைய பெயரும் மலைதான், புதிய பெயரும் அதே மலைதான். மொழியை மாற்றினார், மலையை விடவில்லை.

வெற்பன் எந்த மலைக்கும் பொருந்துவான். தண்ணீர்மலை ஜாலான் கெபுன் பூங்காவில் இருக்கிற இந்த ஒரு குன்றுக்குத்தான் பொருந்தும். அதுதான் எனக்கு அந்தப் பெயரில் உயிர். பினாங்கில் பிறந்த தமிழ்ப் பிள்ளை என்று ஒரே சொல்லில் சொல்லக்கூடிய பெயர் வேறு எது இருக்கிறது?

செந்தூல்காரன்

அருவிச்சாலை ஐயா சொல்வதை நான் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நிலாவின் அம்மா சொல்வதை ஒதுக்க முடியாது. தமிழ்ப் பெயர் இயக்கமும் இதில் ஒரு பங்கு செய்திருக்கிறது. 50களில் தமிழர் திருநாள் கொண்டாடிய தலைமுறை, தமிழ் முரசும் தமிழ் நேசனும் வாசித்த தலைமுறை, பிள்ளைகளுக்கு அன்பழகன், இளங்கோ, தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி என்று வைத்தது. பெரியார் 1929இலும் 1954இலும் இங்கே வந்து போன பிறகு சாமிப் பெயரே வேண்டாம் என்றவர்களும் உண்டு. என் அப்பா அந்த ரகம். பெரியப்பா பத்துமலை, என் அண்ணன் அறிவழகன். பத்துமலையை முதலில் தள்ளியது சினிமாப் பெயர்களோ வடமொழிப் பெயர்களோ இல்லை. எங்கள் வீட்டில் அதைத் தள்ளியது நல்ல தமிழ்.

பிறை ஆசிரியை

அது உண்மை, நான் பதிவேடுகளில் பார்த்த வரிசையும் அதுதான். சாமி, ஊர்ப் பெயர்கள் முதலில். பிறகு தனித்தமிழ்ப் பெயர்கள். அதன் பிறகு 80களிலிருந்து குமார், ராணி, தேவி ஒட்டிய பெயர்கள். பிறகு எண் கணிதமும் நட்சத்திர எழுத்தும். இந்தக் கடைசி அலைதான் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. பெற்றோர் என்னிடமே வந்து, “டீச்சர், நட்சத்திரத்துக்கு இந்த எழுத்துத்தான் வந்திருக்கிறது, ஒரு பெயர் சொல்லுங்கள்” என்று கேட்பார்கள்.

அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பூச நட்சத்திரத்துக்கு ஹு, ஹே, ஹோ, டா என்று போட்டிருக்கும். தைப்பூசத்தன்று பிறந்த பிள்ளைக்கு முருகன் என்றோ வேலன் என்றோ வைக்க அதில் இடமில்லை! டா, ஹே என்று ஆரம்பிக்கிற தமிழ்ப் பெயருக்கு நான் எங்கே போவது? சுவாதியில் தா வருகிறது. தண்ணீர்மலை வைக்க வேண்டுமென்றால் பிள்ளை சுவாதியில் பிறக்கக் காத்திருக்க வேண்டும். பெயருக்குக் காரணமாக இருந்த சாமி, வேண்டுதல், தாத்தா எல்லோரையும் ஒரே ஓர் எழுத்து தள்ளி வைத்துவிட்டது. இதை நான் ஒப்புக்கொள்வதேயில்லை, பெற்றோரிடம் நேராகவே சொல்லிவிடுவேன்.

கோவில்வீடு

எங்களில் சிலர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சாதகத்துக்கு எழுத்துப்படி ஒரு பெயர், சூராட்டில், அதாவது பிறப்புச் சான்றிதழில், தாத்தா பெயர். சிலர் தலைகீழாகச் செய்கிறார்கள், அங்கேதான் இழப்பு. சாதகப் பெயர் ஐ.சி.க்குப் போய், தாத்தா பெயர் வீட்டுக்குள் தங்கிவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது அப்பா பெயராகக்கூட வராது.

வாசகர் (ஆயர் ஈத்தாம்)

நான் பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போகிறவள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். 2012இல் மலைமேல் புதுக் கோவில் கும்பாபிஷேகம் ஆன பிறகு, ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறி இறங்குகிற கூட்டம் பல மடங்கு கூடிவிட்டது. 2017இலிருந்து தங்க ரதமும் ஓடுகிறது. ஆனால் புதிதாக வருகிற இளம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஹில்டாப் என்கிறார்கள். கோவில் பலகையில் அருள்மிகு பாலதண்டாயுதபாணி. தண்ணீர்மலை என்ற சொல்லை வாயால் சொல்கிறவர்களே குறைகிறார்கள். இடத்துக்கே அந்தப் பெயர் தங்காவிட்டால் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? முதலில் மலையை மலை பெயரால் கூப்பிடுவோம்.

அருவிச்சாலை

இதை நான் யோசிக்கவேயில்லை அக்கா. மிகச் சரி. எங்கள் வீட்டிலும் இன்றிலிருந்து இதையே சொல்லப்போகிறேன்.

கோவில்வீடு அண்ணனுக்கு ஒரு கேள்வி. உங்கள் பக்கத் தண்ணீர்மலைகளை வெளியாட்கள் எப்படிக் கூப்பிடுவார்கள்? எங்கள் தாத்தாவை எல்லோரும் ‘மலை’ என்பார்களாம். மலையண்ணே, மலை மாமா. மார்க்கெட்டில் மீன் விற்ற சீனரும் ‘மலாய்’ என்று கூப்பிடுவாராம், பாட்டி சொல்வார்.

கோவில்வீடு

மலைதான்! எங்கள் கிட்டங்கியில் இரண்டு பேர் இருந்தார்கள், அண்ணாமலை ஒருவர், தண்ணீர்மலை ஒருவர். அண்ணாமலை பெரிய மலை, தண்ணீர்மலை சின்ன மலை. வயதில் சின்ன மலைதான் மூத்தவர்.

நிலாவின் அம்மா

மலை என்று கூப்பிடலாம் என்று எங்கள் மாமனாருக்கு யாருமே சொல்லவில்லை பாருங்கள். ‘தண்ணி’ என்று கூப்பிட்டவர்களுக்குப் பின்பாதி கண்ணில் படவேயில்லை.

மறுபடியும் உண்டாகியிருக்கிறேன். பெயரை இப்போதே முடிவு செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். ஆனால் ஒரு விவரம் வேண்டும். அப்படி வைப்பதென்றால் ஜே.பி.என்னில் (தேசியப் பதிவுத்துறை) ‘ர்’ விடாமல் எப்படி எழுதிக் கொடுப்பது? மாமனார் ஐ.சி.யில் உள்ளபடியே எழுத வேண்டுமா?

பிறை ஆசிரியை

வேண்டியதில்லை அம்மா. பிள்ளையின் சொந்தப் பெயர் உங்கள் விருப்பம், தாத்தா ஐ.சி.க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்பா பெயர்தான் அப்பாவின் ஐ.சி.யில் உள்ளபடி வரும்.

பதிவுப் பாரத்தைப் பெரிய எழுத்தில் நீங்களே நிரப்புங்கள், வாயால் சொல்லி எழுத விடாதீர்கள். தமிழில் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘ண்ணீர்’ என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு N, இரண்டு E, ஓர் R. சூராட்டை அச்சடித்துக் கொடுத்ததும் முகப்பிலேயே நின்று ஒவ்வோர் எழுத்தாக வாசித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அலைச்சல். பள்ளிக்கூடம், ஐ.சி., பாஸ்போர்ட் எல்லாம் அந்த ஒரு தாளிலிருந்துதான் போகும்.

செந்தூல்காரன்

பத்துமலை வைக்கிறவர் யாராவது இருந்தால் அதற்கும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பழைய ஐ.சி.களில் ஆங்கில ‘பி’யில்தான் (B) தொடங்கும், மலாயில் கல்லுக்கு எழுதுகிற மாதிரி. அப்படியே எழுதுங்கள். பெரியப்பா எப்போதும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார்.